தொண்ணூறில் நடுங்கிய ஸ்டியரிங்

பட்டறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. அதிகம் பேசுகிற ஆளும் இல்லை. ஈப்போவில் ஒரே பட்டறையில் முப்பத்தேழு வருடம் சக்கரம் கழற்றி மாட்டினேன். முதுகு போதும் என்றது. நின்றுவிட்டேன்.

எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று எழுதப் போவதில்லை. அது கை பழகினால் வந்துவிடும். ஒரே ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் இரண்டு தப்பு செய்தேன். ஒன்று கையால். இன்னொன்று வாயால். கையால் செய்ததைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. வாயால் செய்தது, செய்த அன்றே வேலையைத் தொடங்கிவிட்டது.

வண்டி கோப்பெங்கில் இருக்கும் பாக்கியம் அக்காவுடையது. இருபது வயதைத் தாண்டிய ஜப்பான் ஃபோர்வீல், ஜீப் மாதிரி. அக்கா மீன் விற்கிறவர். வாரத்துக்கு மூன்று நாள் லூமுட் போவார். படகு வந்ததும் மீன் எடுத்து, பின்னால் ஐஸ் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு திரும்பி வருவார். கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. தோட்டத்து ஆட்கள் பக்கத்துத் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில் இருக்கிறார்கள். அக்காவின் ஹார்ன் கேட்டால் தட்டோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் தவறிவிட்டார். ஒரே மகன் சேகர், கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை.

ஐஸ் உருகி ஓடுகிற உப்புத் தண்ணீர் பழைய இரும்புச் சக்கரங்களை அரித்துவிட்டது. காற்று நிற்கவில்லை. புதுசு வேண்டாம், நல்ல பழசு இருந்தால் போடு தம்பி என்றார். எங்கள் சீன முதலாளியை நாங்கள் தவுக்கே என்போம். அவர் பழைய வண்டிகளை அறுத்து உதிரி விற்கிற கடையிலிருந்து நாலு அலுமினிய ரிம் கொண்டுவந்தார். டயரும் சேர்ந்தே வந்தது. டயர் நன்றாக இருந்தது.

பழைய ரிம் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது நடு ஓட்டை. அது வண்டியில் சக்கரத்தைத் தாங்குகிற ஹப்பின் நடு மூக்கில் கச்சிதமாக உட்கார வேண்டும். பார்த்தேன், உட்கார்ந்தது. நட்டும் அந்த ரிம்முக்கு ஏற்ற நட்டுதான். நாலையும் பேலன்ஸ் மெஷினில் ஏற்றிச் சுற்றினேன். ஈயம் ஒட்டி, எண் சுழியம் காட்டும் வரை சரி செய்தேன். பாலிஷ் முகம் கீறக் கூடாது என்று தரையில் அட்டை விரித்து, முகம் கீழே இருக்கும்படி நாலையும் படுக்க வைத்தேன்.

மறுநாள் ஆயுத பூசை. பட்டறையைக் கழுவி, சாமான்களுக்குப் பொட்டு வைத்து, பூசை முடித்து, சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போனோம். அதற்கு மறுநாள் காலையில் அக்கா வந்தார். நாலு ரிம்மையும் மாட்டினேன். வண்டி பத்து வயது குறைந்தது போல நின்றது. அக்கா ஒரு சுற்று நடந்து பார்த்தார்.

"மீன் வண்டிக்கு இவ்வளோ மினுக்கு ஆவாது தம்பி. சனம் விலையக் கொறைக்கச் சொல்லும்."

சிரித்துக்கொண்டே போனார்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். நெடுஞ்சாலையில் தொண்ணூறு தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றார். நூற்றுப் பத்தில் அடங்கிவிடுகிறதாம். வேகம் குறைத்தால் மறுபடியும்.

கழற்றி மெஷினில் போட்டேன். நாலும் சுழியம். முன் இடது சக்கரத்தில் ஒரு நட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது. அன்று அவசரத்தில் சரியாக இறுக்கவில்லை போல என்று நினைத்தேன். இறுக்கினேன். இந்த நட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி ஓட்டினேன். நம் ரோட்டில் அறுபதுக்கு மேல் போக முடியாது. ஒன்றும் தெரியவில்லை. வெளியே நாலு வண்டி வரிசையில் நின்றது. தவுக்கே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை அக்கா கையில் கொடுத்து, நான் சொன்னது இதுதான்:

"வண்டில ஒன்னும் இல்லக்கா. ஐஸ் பெட்டி தூக்குறீங்க, கை அசந்து போயிருக்கும்."

அக்கா குனிந்து தன் கையைப் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறிப் போனார். அவர் கையைப் பார்த்ததை நானும் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இன்னும் பத்து நாள் போனது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அக்காவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். வண்டியை அக்கா ஓட்டி வந்தார், சேகர் தன் வெள்ளைக் காரில் பின்னாலேயே வந்தான். மீன் ஏற்றிய வண்டி லூமுட்டிலிருந்து நேராக வந்திருந்தது. அக்கா பின்கதவைத் திறந்து ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சேகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நல்ல பையன். முப்பது வயது இருக்கும். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

அவன் சொன்னதன் சுருக்கம் இது. அம்மா கை நடுங்குகிறது. அம்மா வண்டி என்கிறார். அவன் தாமானுக்குள் ஓட்டிப் பார்த்தான், நடுங்கவில்லை. நானும் வண்டியில் ஒன்றும் இல்லை, கைதான் என்று சொன்னதாக அம்மாவே சொன்னார். அவன் அப்பாவுக்கும் முதலில் கை நடுக்கம்தான் வந்தது. பிறகு தட்டைப் பிடிக்க முடியவில்லை, பிறகு நடக்க முடியவில்லை. ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். இப்போது அம்மா தனியாக லூமுட் வரைக்கும் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆள் வண்டியைப் பார்க்க வருகிறார். விற்றுவிடப் போகிறான்.

"நா சொன்னா அம்மா கேக்க மாட்டாங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாங்க. வண்டில ஒன்னும் இல்லன்னு ஒரு தடவ அவங்க முன்னுக்குச் சொல்லுங்க. போதும்."

சாவியைக் கொடுக்கும்போது, நேரத்தை மிச்சம் பிடிக்க, வரிசையைக் குறைக்க நான் சொன்ன ஒரு வாக்கியம். அது கோப்பெங் போய், ஒரு வீட்டுக்குள் நுழைந்து, ஒரு நோயை எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

மறுபடியும் சொல்வது சுலபம். மெஷின் சுழியம் காட்டியிருக்கிறது. ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருந்தால் பொய் என்றும் யாரும் சொல்ல முடியாது.

அக்காவுக்கு நாங்கள் பேசியது கேட்டிருக்கும். பெட்டியைத் திறந்து ஒரு தெங்கிரி மீனை எடுத்தார். முழங்கை நீளம் இருக்கும். வெட்டுப் பலகையைப் பின்கதவில் வைத்தார். வால் பக்கமிருந்து வெட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு துண்டும் சுண்டுவிரல் கனம். பதினைந்து பதினாறு துண்டு. எல்லாம் ஒரே கனம். ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினார். கோபுரம் மாதிரி நின்றது. எங்களைப் பார்க்கவே இல்லை.

"நடுங்குற கை இப்பிடி வெட்டுமா தம்பி?"

சேகர், "அப்பாவும் நடுக்கம் வந்து மொத ஒரு வருசம் ரப்பர் மரத்துல ஒழுங்காப் பால் வெட்டுனாரும்மா" என்றான்.

அக்கா கத்தியைத் துடைத்து வைத்தார். அந்தப் பதில் அவருக்குத் தெரிந்ததுதான் என்று முகத்தில் இருந்தது. அவர் அந்த மீனை எங்களுக்காக வெட்டவில்லை. தனக்குத்தான் வெட்டிப் பார்த்தார்.

நான் சேகரிடம், "சனிக்கிழம வரைக்கும் டைம் குடு. வண்டி இங்க இருக்கட்டும்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு மீன் பெட்டிகளைத் தன் காருக்கு மாற்றினான். அந்த வெள்ளைக் காரில் மீன் வாடை பிறகு போகவே இல்லை என்று கேள்வி.

வெள்ளிக்கிழமை காலையில் அக்காவை வரச் சொல்லி, அவரையே ஓட்ட வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். கோப்பெங் பக்கம் நெடுஞ்சாலை. இதை நான் முதல் வாரமே செய்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் எங்கே நடுங்குகிறது என்று சொல்கிறாரோ அங்கே போகாமல், நமக்கு வசதியான ரோட்டில் ஓட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்பது, வயிற்று வலிக்குக் காலைப் பார்ப்பது மாதிரி.

எண்பது. ஒன்றும் இல்லை. எண்பத்தைந்து. தொண்ணூறு தொட்டது. அக்காவின் இரண்டு கையும் மணிக்கட்டு வரை நடுங்கியது. பார்த்தால் யாருக்கும் கை நடுக்கம் என்றுதான் தோன்றும்.

"பிடிய கொஞ்சம் தளத்துங்கக்கா. விட்றாதீங்க, தளத்துங்க."

தளர்த்தினார். ஸ்டியரிங் இன்னும் அதிகமாக ஆடியது. இறுக்கிப் பிடித்தார், குறைந்தது. கை ஆட்டவில்லை. கைதான் ஆட்டத்தை அடக்கிக்கொண்டிருந்தது.

டோல் தாண்டித் திரும்பும்போது அக்கா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"உண்மைய சொல்லு. என் கையா, வண்டியா?"

"வண்டிக்கா."

"எனக்காகச் சொல்லாத."

"ஒங்க கைக்கு மீட்டர் பாக்கத் தெரியுமா? தொண்ணூறுல ஆரம்பிச்சு நூத்திப் பத்துல நிறுத்துறதுக்கு?"

அக்காவிடமிருந்து மூக்கால் ஒரு சிரிப்பு. "அந்த அளவுக்குப் படிக்கல லா என் கை" என்றார்.

ஆனால் வண்டி என்று சொல்லியாகிவிட்டது. வண்டியில் எது என்று எனக்குத் தெரியாது. கையில் இருப்பது ஒரு நாள்.

பட்டறைக்கு வந்ததும் முன் சக்கரம் இரண்டையும் பின்னுக்கு மாற்றி நானே ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் அமைதி. நடுக்கம் சீட்டுக்கு வந்துவிட்டது. ஆக, கோளாறு ஸ்டியரிங்கில் இல்லை, கீழே இருக்கிற கம்பிகளிலும் இல்லை. சக்கரத்தோடு நடந்து போகிறது. இடது சக்கரத்தை மட்டும் பழைய இடத்தில் மாட்டி ஓட்டினேன். ஸ்டியரிங் மறுபடி நடுங்கியது. திருடன் அதுதான். இறக்கிப் பார்த்தால் அதே சக்கரத்தில் அதே ஒரு நட்டு மறுபடி தளர்ந்திருந்தது.

அப்போதுதான் அந்த நட்டு எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு தடவை தளர்ந்தால் என் கவனக் குறைவு. இரண்டாம் தடவை தளர்ந்தால் அது எதையோ சொல்லுகிறது. பயமும் வந்தது. சக்கரம் ஆடுவது ஒரு கஷ்டம். நட்டு தளர்வது வேறு. லூமுட் ரோட்டில் நட்டு ஒவ்வொன்றாகக் கழன்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வாரமாக அந்த அம்மா அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்து போய் வந்திருக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே ஒரு வயதான சீனர் இருந்தார். ஆ பெக் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் கடைசி வரை தெரியாது. அவர் எந்த மெஷினையும் நம்ப மாட்டார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அசையாத ஒரு கட்டையில் கையை ஊன்றி, விளிம்புக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடிப்பார். நேரான சக்கரம் என்றால் சுற்று முழுக்கக் கோடு விழும். கோணல் என்றால் ஒரு பக்கம் மட்டும் விழும்.

சாக்பீஸ் எடுத்தேன். மெஷினில் ஏற்றிச் சுற்றினேன். சுற்று முழுக்கக் கோடு. அதையே வண்டியில் மாட்டி, ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றினேன். ஒரு பக்கம் மட்டும் கோடு.

ஒரே சக்கரம். மெஷினில் நேர். வண்டியில் கோணல்.

ஹப் வளைந்திருக்கலாம் என்று நினைத்தேன். சக்கரத்தைக் கழற்றி, இரண்டு ஓட்டை தள்ளி மாட்டி, மறுபடி சாக்பீஸ் பிடித்தேன். ஹப் கோணல் என்றால் கோடு சக்கரத்தில் இடம் மாற வேண்டும். மாறவில்லை. ரிம்மில் அதே இடத்தில்தான் விழுந்தது. ஆக ஹப் நல்லது. கோணல் சக்கரத்தோடுதான் வருகிறது. அந்தச் சக்கரமோ மெஷினில் நேராக நிற்கிறது.

தம்பிகளே, பெண் பிள்ளைகளும் இப்போது வேலைக்கு வருகிறீர்கள், தங்கச்சிகளே, இந்த மாதிரி நேரம் எப்போதாவது வரும். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது, ஆனால் இரண்டும் கண் முன்னால் இருக்கும். கோபம் வரும். யாரையாவது குறை சொல்லத் தோன்றும். நான் ரிம் விற்ற கடைக்காரரை மனதில் திட்டிப் பார்த்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். எனக்கு என்னமோ பசித்தது மாதிரி இருந்தது, ஆனால் சாப்பாட்டுப் பசி இல்லை. இது என்ன என்று தெரிந்தே ஆக வேண்டும். மத்தியானச் சாப்பாடு பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. தவுக்கே இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மெஷினுக்கும் வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். மெஷினும் ரிம்மை நடு ஓட்டையில் பிடிக்கிறது, வண்டியும் அப்படித்தான். ரிம்மின் பின் முகம் ஒட்டி நிற்க மெஷினில் ஒரு தட்டு, வண்டியில் ஒரு தட்டு. எங்கள் மெஷின் பழசு. அதன் தட்டு சின்னது, நட்டு ஓட்டைகள் வரைக்கும் எட்டாது. வண்டியின் தட்டு பெரிது. ஓட்டைகளைத் தாண்டி உட்காரும்.

அப்படியென்றால் மெஷினின் தட்டு எட்டாத இடத்தில், வண்டியின் தட்டு எட்டுகிற இடத்தில், ஏதோ இருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றிப் படுக்க வைத்தேன். பின் முகம் பிரேக் தூசியும் துருவும் படிந்து கறுப்பாக இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். ஒரு நட்டு ஓட்டைக்குப் பக்கத்தில் விரல் ஏறி இறங்கியது. அந்த நட்டுதான். தளர்கிற நட்டு. துணியால் துடைத்தேன். வட்டமாக ஒரு மேடு. கல் மாதிரி கெட்டி. ஓரத்தில் நசுங்கி உதிர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன்.

மஞ்சளாகப் பொடி வந்தது.

மூக்கில் வைத்துப் பார்த்தேன். சந்தனம்.

எங்கள் பட்டறையில் ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்பது நான். வருடா வருடம் நான்தான். ஸ்பேனர், ஜாக்கி, மெஷின், கம்ப்ரசர், எதையும் விட மாட்டேன். ஒரு வருடம் விட்டுப்போன கம்ப்ரசர் மறு மாதமே வெடித்தது என்பதால், தவுக்கேயே பின்னால் வந்து எண்ணிப் பார்ப்பார். எண்ணெய் பிடித்த சாமானில் சந்தனம் நிற்காது, காய்ந்ததும் உதிரும். அதனால் நான் ஒரு வேலை செய்வேன். சந்தனத் தூளில் கொஞ்சம் வெள்ளைக் கோந்து சேர்த்துக் குழைப்பேன். அந்தப் பொட்டு அடுத்த பூசை வரைக்கும் நிற்கும். எனக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு.

நாலு ரிம்மும் முகம் கீழே வைத்துப் படுத்திருந்தது. வைத்ததும் நான்தான். முதுகு மேலே இருந்தது. பொட்டு முதுகில் விழுந்தது. மற்ற மூன்றையும் தேடிப் பார்த்தேன். அவற்றில் பொட்டு பள்ளத்தில் இருந்தது, எங்கும் படாத இடத்தில். ஒன்று மட்டும் உட்காருகிற இடத்தில் விழுந்திருக்கிறது. இறுக்கும்போது அது நசுங்காமல் சக்கரத்தைச் சாய்க்கும். ஓட ஓடக் கொஞ்சம் உதிரும். உதிர்ந்த அளவு நட்டு தளரும்.

மாட்டிய அன்று அந்தப் பொட்டு பளிச்சென்று மஞ்சளாகத்தான் இருந்திருக்க வேண்டும். நான் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறேன். ஆனால் பூசை முடிந்த வாரம் பட்டறை முழுக்க மஞ்சள் பொட்டு. கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதுவும் தான் வைத்த பொட்டு என்றால் இன்னும் சீக்கிரம் தாண்டும்.

துடைத்த இடத்தை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். நடுவில் கோடு கோடாக ஓர் அச்சு. கட்டைவிரலை அதன் மேல் வைத்தேன். சரியாகப் பொருந்தியது. என் கட்டைவிரலில் சின்ன வயதில் ரப்பர் பால் வெட்டுகிற கத்தி பட்ட தழும்பு குறுக்கே ஓடும். அதுவும் பொட்டில் இருந்தது.

தவுக்கே வந்து குனிந்து பார்த்தார். சுரண்டி எடுத்துவிட்டு மாட்டு, ஹப்பில் துரு இருந்தது, சுத்தம் செய்துவிட்டோம் என்று சொல்லிவிடு என்றார். அதுவும் முழுப் பொய் இல்லை. அவர் கஷ்டம் அவருக்கு. பூசை போட்டுச் சக்கரத்தைக் கோணலாக்குகிற பட்டறை என்று ஊரில் பெயர் வந்தால் அது போகவே போகாது. சுரண்ட இரண்டு நிமிடம். யாருக்கும் தெரியாது.

சுரண்டியைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டுத்தான் யோசித்தேன். சுரண்டி மாட்டினால் வண்டி நன்றாகிவிடும். அக்காவின் பயம் தீராது. சரியாகிவிட்டது என்று நான் சொன்னால், அம்மாவுக்காகச் சொல்கிறார் என்று சேகர் நினைப்பான். எனக்காகச் சொல்லாதே என்று அக்காவே காலையில் சொன்னார். போன தடவை என் வாய்ச் சொல்லை நம்பித்தான் இவ்வளவும். இன்னொரு வாய்ச் சொல்லால் அதைக் கழுவ முடியாது.

சுரண்டியை வைத்துவிட்டேன். தவுக்கேயிடம், நாளைக்கு அந்தப் பையன் வரும் வரை இது இப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சேகர் வந்தான். அக்காவையும் கூட்டி வந்தான். அவனிடம் ஒன்றும் விளக்கவில்லை. சாவியைக் கொடுத்து, "நெடுஞ்சாலைக்கு விடு. தொண்ணூறுக்கு மேல வேணாம். நா பக்கத்துல இருக்கேன்" என்றேன். கிளம்பும் முன் நட்டு எல்லாவற்றையும் இறுக்கினேன். ஒரு டோல் தூரம்தான். அப்படிச் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. நீங்கள் செய்யாதீர்கள்.

தொண்ணூறு தொட்டதும் அவன் கை நடுங்கியது. முப்பது வயதுக் கை. இரண்டு மணிக்கட்டும். அவன் கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். வேகத்தைக் குறைக்கச் சொன்னேன்.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி, முதுகைக் காட்டி, இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டேன். விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவினார்கள்.

"சந்தனம். பூசைக்கு நா வச்சது. இது என் கட்டைவெரலு."

விரலை வைத்துக் காட்டினேன். தழும்பையும் காட்டினேன். பிறகு அன்றைக்கு நான் சொன்னதை எடுத்தேன். அதற்குத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

"கை அசந்துருக்கும்னு சொன்னேன்லக்கா. தெரியாமச் சொன்னேன். தப்பு."

அக்கா பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் கீழே இறங்கியது. மூன்று வாரமாகத் தூக்கி வைத்திருந்ததை அப்போதுதான் இறக்கி வைத்தது மாதிரி.

"சாமிக்கு வச்ச பொட்டா என்னய இந்த ஆட்டு ஆட்டுச்சு?" என்றார். பிறகு, "கோந்து எதுக்கு தம்பி போட்ட?" என்றார்.

"விழாம இருக்கக்கா."

"அது சரி. விழவே இல்ல."

தவுக்கே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

அவர்கள் கண் முன்னாலேயே சுரண்டினேன். ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். மாட்டினேன். இந்தத் தடவை மூன்று பேரும் போனோம். சேகர் ஓட்டினான், தொண்ணூறில் வைத்தான், அப்படியே நாலைந்து மைல். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்திருந்தான். ஒன்றும் இல்லை. ஓரமாக நிறுத்தினான். இறங்கி வந்து பின் சீட்டுக் கதவைத் திறந்தான்.

"நீங்க ஓட்டுங்கம்மா."

அக்கா முன்னுக்குப் போனார். சேகர் பின்னால் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அப்பாவை நினைத்திருப்பான். நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வந்த ஆளிடம் அரைக் கிலோ கெம்போங் மீனைக் கொடுத்து அனுப்பிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்வது என்று உங்களுக்கே தெரியும். பழைய ரிம் மாட்டும்போது பின் முகத்தைக் கையால் தடவுங்கள், கண்ணை நம்பாதீர்கள். ஒரே நட்டு இரண்டு தடவை தளர்ந்தால் வண்டியை வெளியே விடாதீர்கள். இது வேலை. மற்றது, காரணம் தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லுங்கள். வாடிக்கையாளர் உடம்பில் காரணம் தேடாதீர்கள். நமக்கு அது ஒரு வாக்கியம். அவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அடுத்த வருட ஆயுத பூசைக்கு அக்கா வந்தார். அன்று மீன் இல்லை. குளித்து, சேலை மாற்றி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நான் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். கோந்து போடவில்லை. அக்கா கிண்ணத்தை மோந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"எங்க வைக்கணும்னு நீ காட்டு. நா வைக்கிறேன்."

காட்டினேன். ஸ்பேனர், ஜாக்கி, மெஷின், கம்ப்ரசர். கடைசியில் அவர் வண்டிக்கு வந்தோம். சக்கரத்தின் பக்கம் போனார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். சிரித்தார். கதவைத் திறந்து, ஸ்டியரிங்கின் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். ஐந்து காசு அளவு. ஓரம் கத்தரித்தது போல வட்டம்.